அடுத்து என்ன, டீச்சர்? தொடக்கப் பள்ளிக் குழந்தையின் அன்றாடமும் பழக்கமும்: முழுமையான வழிகாட்டி

ஒன்றாம் வகுப்பில் புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவன் முதல் வாரம் முழுக்க என்னிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தான்: "அடுத்து என்ன, டீச்சர்?" உப்புமா தின்று தட்டைக் கழுவியதும் கேட்டான். பாட்டு முடிந்ததும் கேட்டான். கழிப்பறையிலிருந்து டவுசரை ஏற்றிக்கொண்டே வந்து கேட்டான். அப்பா, அம்மா இருவருக்கும் பெங்களூரில் கட்டட வேலை. பையன் ஆயாவிடம், அதாவது பாட்டியிடம் வளர்கிறான். ரோட்டில் ஓசூர் பஸ் ஹாரன் அடித்தால் போதும், கையில் இருப்பதை விட்டுவிட்டு வாசலைப் பார்ப்பான்.

நான்காம் நாள் கரும்பலகையின் ஓரத்தில் ஆறு படங்கள் வரைந்து வைத்தேன். தட்டு, புத்தகம், பந்து, சோற்றுக் குவியல், பென்சில், கடைசியில் கொண்டை போட்ட ஆயா. ஒவ்வொன்றும் முடிந்தவுடன் அவனையே கூப்பிட்டு அழிக்கச் சொன்னேன். உள்ளங்கையால் தேய்த்து அழிப்பான், சாக்பீஸ் தூளைச் சட்டையில் துடைத்துக்கொள்வான், மிச்சம் எத்தனை என்று விரல் விட்டு எண்ணுவான். இரண்டாம் வாரத்தில் ஒரு நாள் பந்துப் படம் அழியாமலே நின்றது. எங்கே என்று தேடினால், வேப்பமரத்தடியில் குந்திக்கொண்டு மூன்றாம் வகுப்புப் பையன் விட்ட பம்பரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்துத் தொடக்கப் பள்ளிகளிலேயே என் ஆசிரியர் வாழ்க்கை கழிந்திருக்கிறது. "குழந்தை யாரோடும் சேருவதில்லை, டீச்சர்" என்று வருந்தி வருகிறவர்களிடம் நான் முதலில் நட்பைப் பற்றிப் பேசுவதில்லை. எப்போது எழுகிறாள், யார் ஊட்டுகிறார்கள், கழிப்பறைக்குத் தானாகப் போவாளா என்றுதான் கேட்பேன். அடுத்து என்ன நடக்கப்போகிறது என்று தெரியாத பிள்ளையின் மனம் முழுக்க அந்தக் கவலையே அடைத்துக்கொண்டிருக்கும். அது தெளிந்த பிறகுதான் பக்கத்தில் ஒருவன் பம்பரம் விடுவது கண்ணில் படும்.

முதலில் ஒரு விஷயம்: கடிகாரத்தைவிட வரிசை முக்கியம். நம் பக்கத்து வாழ்க்கை கடிகாரத்துக்கு அடங்காது. ஜூனில் பள்ளி திறக்கும்போது கிருஷ்ணகிரித் தோப்புகளில் மாங்காய் பறிப்பு மும்முரமாக நடக்கும். பெங்களூரா காய் லாரி லாரியாக மாங்கூழ் ஆலைகளுக்குப் போகும். பெற்றோர் விடியுமுன்பே தோப்பில் இருப்பார்கள். பாலக்கோடு, ராயக்கோட்டைப் பக்கம் தக்காளி. தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டிப் பக்கம் கேழ்வரகு முற்றுகிற காலத்தில் பன்னார்கட்டா காட்டிலிருந்து யானைக் கூட்டம் வந்துவிடும். நன்றாக வெளுத்த பிறகு, பெரியவர் துணையோடுதான் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்ப முடியும். இப்படிப்பட்ட ஊரில் ஆறு மணிக்கு இது, ஏழு மணிக்கு அது என்று எழுதி ஒட்டிய அட்டவணை இரண்டு நாள் தாங்காது. எழுவது, பல் துலக்குவது, கழிப்பறை, குளியல், சீருடை, பை, புறப்பாடு என்ற வரிசை மாறாதிருந்தால் அரை மணி முன்பின் ஆனாலும் குழந்தை கலங்காது.

படி 1: மே மாதத்திலேயே கைவேலைகளைப் பழக்குங்கள்

பல வீடுகளில் மே மாதம் சிலேட்டும் அழுகையுமாகக் கழிகிறது. அ, ஆ தெரியாமல் போனால் டீச்சர் திட்டுவார் என்ற பயம். அது வேண்டாம். அரசுப் பள்ளிகளில் 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலைகள் உண்டு. குழந்தை எங்கே நிற்கிறதோ அங்கிருந்துதான் பாடம் தொடங்கும். எழுத்து தெரியாமல் வரும் பிள்ளையைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. பொத்தான் போடத் தெரியாமல் வரும் பிள்ளைதான் மற்றவர் முன்னால் நாள் முழுக்கக் கூசிப்போகிறது.

தானாகச் சாப்பிடுவது முதல் பாடம். ஆயா பின்னாலேயே நடந்து ஊட்டி வளர்த்த பிள்ளை பள்ளியில் தட்டை வெறித்துப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். மற்ற பிள்ளைகள் கை கழுவி விளையாடப் போயிருப்பார்கள். சாப்பாட்டோடு சேர்ந்து விளையாட்டும் போய்விடும். பள்ளி திறப்பதற்கு ஒரு மாதம் முன்பே தட்டைத் தரையில் வைத்து, பாதி சிந்தினாலும் தடுக்காமல் விடுங்கள். களி தின்று வளர்ந்த பிள்ளைக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. களியைக் கிள்ளிக் குழம்பில் தோய்த்து விழுங்கித்தான் பழக்கம். சாம்பார் சோற்றைப் பிசைந்து கவளமாக்குவது கைக்குப் புதிது. வாரம் இரண்டு நாள் அதையும் வீட்டில் காட்டி வையுங்கள்.

அடுத்தது உடுப்பு. கொக்கியும் ஜிப்பும் வைத்த டவுசரைவிட இடுப்பில் எலாஸ்டிக் வைத்தது எத்தனையோ மேல். தையல்காரரிடம் கொடுத்தால் மாற்றித் தருவார். சட்டைப் பொத்தானைக் கீழிருந்து மேலாகப் போடச் சொல்லிக் கொடுங்கள். கீழ்ப் பொத்தானும் துளையும் கண்ணுக்குத் தெரியும், மேலே உள்ளது தெரியாது. செருப்பில் இடது வலது தெரியாமல் மாட்டிக்கொண்டு தடுக்கி விழுவது ஒன்றாம் வகுப்பில் அன்றாடக் காட்சி. இரண்டு செருப்பையும் சரியாகச் சேர்த்து வைத்து, ஒன்றையொன்று தொடும் ஓரங்களில் மார்க்கரால் ஒவ்வொரு கண் வரைந்துவிடுங்கள். இரண்டு கண்ணும் பக்கத்தில் வந்தால் முகம், விலகிப் போனால் தப்பு. ஒரு பெண் இதைக் கற்றுக்கொண்ட மூன்றாம் நாளே வராந்தாவில் கிடந்த அத்தனை செருப்பையும் ஜோடி சேர்த்து வைத்துவிட்டுத்தான் உள்ளே வந்தாள். அதுவே அவளுக்கு வகுப்பில் ஒரு பதவி ஆயிற்று.

மூன்றாவது, வாய் திறந்து கேட்பது. "டீச்சர், ஒன்றுக்குப் போக வேண்டும்." "தண்ணீர் வேண்டும்." "மூடியைத் திறந்து கொடுங்கள்." இந்த மூன்று வாக்கியங்களையும் வீட்டில் டீச்சர் விளையாட்டு விளையாடிப் பழக்குங்கள். குழந்தை டீச்சராக இருக்கட்டும், நீங்கள் ஒன்றுக்குப் போகக் கேளுங்கள். சிரித்துச் சிரித்து மனத்தில் பதிந்துவிடும்.

திறப்பதற்கு முன் ஒரு மாலை பள்ளி வரை நடந்து போய்க் குழாய் எங்கே, கழிப்பறை எங்கே, எந்த மரத்தடியில் நீங்கள் காத்திருப்பீர்கள் என்று காட்டிவிட்டு வருவதும் நல்லது.

படி 2: விட்டுவிட்டு வருவது

குழந்தை பொம்மையைப் பார்த்துக்கொண்டிருக்கும் சமயம் நழுவிவிடுவது நம் ஊரில் பெரிய சாமர்த்தியமாகக் கருதப்படுகிறது. அன்றைக்கு வேலை ஆகிவிடும், மறுநாள்தான் வினை. கண் சிமிட்டினால் அம்மா காணாமல் போவாள் என்று கற்றுக்கொண்ட பிள்ளை அடுத்த நாள் முந்தானையை விடாது. பொம்மையையும் தொடாது.

சொல்லிவிட்டே போங்கள். எப்போது வருவீர்கள் என்பதை மணிக்கணக்கில் சொல்லாதீர்கள், குழந்தைக்கு நான்கு மணி என்றால் ஒன்றும் புரியாது. "மத்தியானச் சோறு தின்பாய், பாட்டுப் பாடுவாய், கடைசி மணி அடிக்கும், வேப்பமரத்தடியில் நான் நிற்பேன்" என்று வரிசையாகச் சொல்லுங்கள். தலையைத் தொட்டுவிட்டோ கன்னத்தைக் கிள்ளிவிட்டோ ஒரே முறை விடைபெறுங்கள், பிறகு திரும்பிப் பார்க்காமல் நடந்துவிடுங்கள். அழும். பெரும்பாலும் பத்து நிமிடத்தில் ஓயும். ஜன்னலில் ஆயாவின் தலை தெரிந்தால் மட்டும் ஓயாது. அந்த ஒரு தலை முழு வகுப்பையும் அழவைத்ததை நான் ஒருமுறைக்கு மேல் பார்த்திருக்கிறேன். சொன்ன இடத்தில், சொன்னபடி நிற்பதுதான் இதில் மிகவும் முக்கியமான பகுதி. ஒரு நாள் தவறினால் ஒரு வார உழைப்பு வீண்.

அம்மாவின் பழைய சேலையிலிருந்து கைக்குட்டை அளவு கிழித்துச் சட்டைப் பையில் வைத்து அனுப்பினால், அழும் பிள்ளை அதை மோந்து பார்த்தே அடங்கிவிடுவது உண்டு. ஆசிரியர்கள் இதைக் கேலி செய்யக் கூடாது. இரண்டு மூன்று வாரத்தில் அது தானாகவே பையின் அடியில் போய்விடும்.

பெங்களூரிலோ திருப்பூரிலோ வேலை செய்யும் பெற்றோருக்கு: காலையில் கூப்பிடாதீர்கள். பள்ளிக்குப் புறப்படும் நேரத்தில் கேட்ட அம்மாவின் குரல் ஏக்கத்தைக் கிளறிவிட்டுப் போகும். இரவுச் சாப்பாட்டுக்குப் பின், படுக்கைக்கு முன் என்று வரிசையில் ஓரிடம் வைத்துக்கொண்டு தினமும் அங்கேயே பேசுங்கள். ஐந்து நிமிடம் போதும்.

இன்னொன்று. "சொன்ன பேச்சு கேட்காவிட்டால் டீச்சரிடம் சொல்லி அடிக்கச் சொல்வேன்" என்று மிரட்டி அனுப்பினால், அந்தப் பிள்ளை ஒன்றுக்கு வந்தால்கூட என்னிடம் கேட்காது. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு பள்ளியில் அடிப்பதையும் மனத்தைப் புண்படுத்துவதையும் தடை செய்திருக்கிறது. இல்லாத பிரம்பை வீட்டில் காட்டாதீர்கள்.

படி 3: காலைப் பந்தி

முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கியது. 2023 ஆகஸ்ட் 25 முதல் மாநிலம் முழுக்க அரசுத் தொடக்கப் பள்ளிகளில் ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை விரிந்தது. சமைப்பது பெரும்பாலும் அதே ஊர் மகளிர் சுய உதவிக் குழுப் பெண்கள்தான். உப்புமா, கிச்சடி, பொங்கல், சாம்பார் என்று கிழமைக்கு ஒன்றாக வரும். இதை வெறும் வயிற்றுக்கான ஏற்பாடாக மட்டும் பார்த்தால் பாதிதான் பார்த்ததாகும். முதல் மணி அடிக்குமுன் அரை மணி நேரம் பிள்ளைகள் ஒன்றாக உட்கார்கிறார்கள். பாடம் இல்லை, போட்டி இல்லை, எல்லார் தட்டிலும் ஒரே பண்டம். பேசாத பிள்ளை முதன்முதலாகப் பேசுவது பெரும்பாலும் இங்கேதான். "உனக்கு மிளகாய் வந்ததா? எனக்கும் வந்தது" என்பதே தொடக்கம்.

ஆகவே வீட்டில் வயிறு நிறையக் கொடுத்து, காலை உணவு முடிந்த பிறகு கொண்டுவந்து விடாதீர்கள். பாதி வயிற்றோடு சீக்கிரம் அனுப்புங்கள். ஆசிரியர்கள் செய்ய வேண்டியவை இரண்டு. தட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வரிசையில் நிற்பதை முதல் வாரம் காலித் தட்டோடு பழக்குங்கள், சூடான சாம்பாரோடு அல்ல. பந்தியில் புதுப் பிள்ளைக்கு இரண்டு பக்கமும் பழைய பிள்ளைகளை அமர்த்துங்கள். ஒன்று முதல் மூன்று வகுப்புகள் ஒரே அறையில் இருக்கும் ஈராசிரியர் பள்ளிகளில் இது எளிது. பெரிய வகுப்புப் பிள்ளைகள் கைக்கெட்டும் தூரத்திலேயே இருப்பார்கள்.

இந்த இடத்தில் ஒன்றை மூடி மறைக்க விரும்பவில்லை. "அவன் பக்கத்தில் உட்காராதே" என்று வீட்டில் சொல்லி அனுப்பப்பட்ட பிள்ளைகள் இன்னும் வருகிறார்கள். ஆறு வயதுப் பிள்ளைக்குச் சாதி தெரியாது, உட்காரக் கூடாத இடம் மட்டும் தெரியும். நான் பந்தியில் இடத்தைக் குலுக்கல் போட்டு மாற்றிக்கொண்டே இருப்பேன். யார் பக்கத்தில் யார் என்பது பனை விதையா, புளியங்கொட்டையா, எது கையில் வந்தது என்பதைப் பொறுத்தது. வீட்டிலிருந்து ஆட்சேபம் வந்தால் குலுக்கல்தான் முடிவு செய்தது என்று சொல்லிவிடுவேன். ஆட்சேபம் தொடர்ந்தால் பிள்ளையை வெளியே அனுப்பிவிட்டுப் பெரியவரிடம் நேராகவே பேசுவேன்.

படி 4: கழிப்பறை

இதைப் பற்றிப் பேசக் கூச்சப்படுவதால்தான் பிள்ளைகள் அவதிப்படுகிறார்கள். வீட்டில் கொல்லைப்புறமோ வயல்வரப்போ பழகிய பிள்ளைக்குக் கதவு மூடிய இருட்டறை பயமாக இருக்கும். பயந்த பிள்ளை அடக்கும். அடக்க முடியாமல் போகாதிருக்கத் தண்ணீரே குடிக்காது. மாலையில் உதடு காய்ந்து, மஞ்சளாகச் சிறுநீர் போய், எதற்கெடுத்தாலும் எரிந்து விழும் பிள்ளையைக் கண்டால் முதலில் காலையில் கொடுத்த தண்ணீர் பாட்டிலைத் திறந்து பாருங்கள். நிறைந்தே இருக்கும்.

முதல் வாரத்தில் நான் பிள்ளைகளை ஜோடி ஜோடியாக அனுப்புவேன். ஒருவர் உள்ளே, ஒருவர் வெளியே காவல். வெளியே நிற்பவர் பாட்டுப் பாட வேண்டும், உள்ளே இருப்பவருக்குக் கேட்கும்படி. சிரிப்பாக இருக்கும், ஆனால் இந்தக் காவல் ஜோடிகளில் பல ஐந்தாம் வகுப்பு வரை பிரிவதில்லை. பையில் ஒரு மாற்று டவுசர் எப்போதும் இருக்கட்டும். நனைந்துவிட்டால் ஊருக்குத் தெரியாமல் மாற்றிவிடுவது ஆசிரியரின் கடமை. தண்ணீர் வராத குழாய், தாழ்ப்பாள் இல்லாத கதவு பற்றிப் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் கேளுங்கள். அந்தக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர்தான் இருக்க வேண்டும் என்பது சட்டம். கேட்பதற்கு உங்களைவிட உரியவர் யாரும் இல்லை.

படி 5: வீட்டில் வேறு மொழி

ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டை, வேப்பனப்பள்ளி வட்டாரங்களில் தமிழ் வழி வகுப்பில் சேரும் பிள்ளைக்கு வீட்டு மொழி கன்னடமாகவோ தெலுங்காகவோ இருப்பது சாதாரணம். அந்தப் பிள்ளை சில வாரங்கள், சில வேளை சில மாதங்கள்கூட, வகுப்பில் வாயே திறக்காது. மந்தம் என்று முத்திரை குத்திவிடாதீர்கள். புது மொழியைக் காதால் சேர்த்து வைத்துக்கொண்டிருக்கிறது. சொன்னதைச் செய்கிறதா என்று மட்டும் பாருங்கள். "கதவைச் சாத்து" என்றதும் சாத்தினால் எல்லாம் சரியாகவே நடக்கிறது.

ஆசிரியர் பத்துச் சொல் கற்றுக்கொண்டால் போதும். கன்னடத்தில் "நீரு பேக்கு", தெலுங்கில் "நீள்ளு காவாலி" என்று தண்ணீர் கேட்பது புரிந்துவிட்டால் அந்தப் பிள்ளையின் தோள் தளர்வதைக் கண்ணால் பார்க்கலாம். இரண்டு மொழியும் தெரிந்த பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். ஆனால் அவனை நாள் முழுக்க மொழிபெயர்ப்பாளர் ஆக்கிவிடாதீர்கள், அவனும் விளையாட வேண்டும். பெற்றோர் வீட்டில் தட்டுத்தடுமாறித் தமிழ் பேச வேண்டியதில்லை. வீட்டு மொழியிலேயே நிறையப் பேசுங்கள், கதை சொல்லுங்கள்.

படி 6: விளையாட்டு

இந்தப் பகுதியில் நான் கொஞ்சம் அதிகமாகவே நிற்பேன், மன்னியுங்கள். ஐந்து வயதுப் பிள்ளைகள் இருவர் மணலில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஆளுக்கொரு வீடு கட்டிக்கொண்டிருப்பார்கள். சேர்ந்து விளையாடுவதுபோலத் தெரியும், உண்மையில் சேரவில்லை. அடுத்த வீட்டுக்கு வழி போடலாமா என்று ஒருவர் கேட்கும் நாள்தான் திருப்பம். அந்தக் கேள்வியை நாம் கேட்க வைக்க முடியாது. கேட்பதற்குத் தேவையான மணலையும் நேரத்தையும் தரலாம்.

ஆறு, ஏழு வயதில் விதிமுறைப் பித்துப் பிடிக்கும். நொண்டி ஆட்டத்தில் கால் கோட்டில் பட்டதா இல்லையா என்று ஆட்ட நேரத்தில் பாதி வழக்காடியே போகும். பெரியவர்கள் "விளையாடுங்கள், சண்டை போடாதீர்கள்" என்று குறுக்கே புகுந்துவிடுகிறோம். அந்த வழக்குதான் பாடம். சொந்தக் கருத்தைச் சொல்வது, எதிராளி சொல்வதைக் கேட்பது, கூட்டத்தின் தீர்ப்புக்கு விட்டுக்கொடுப்பது எல்லாம் அங்கே நடக்கின்றன. கை நீளாத வரை பார்த்துக்கொண்டிருங்கள்.

நம் விளையாட்டுகள் ஒவ்வொன்றும் ஒவ்வொன்றைப் பழக்கும். பல்லாங்குழி முறைக்குக் காத்திருக்கப் பழக்கும். எதிராளி காய் போடும்போது கண் அங்கே இருந்தால்தான் அடுத்த ஆட்டம் புரியும். ஐந்தாங்கல்லில் ஒரு கை பதறினால் ஆட்டம் போச்சு, பதற்றத்தை அடக்கக் கற்றுத் தரும். பூப்பறிக்க வருகிறோம் ஆட்டத்தில் தன் பெயரை எதிர் அணி கூப்பிடும் ஒரு கணம் இருக்கிறதே, கூச்சப்படும் பிள்ளைக்கு அது பெரிய பரிசு. ஓடி ஜெயிக்க வேண்டியதில்லை, பெயர் சொல்லப்பட்டாலே முகம் மாறிவிடும். கண்ணாமூச்சியில் ஒளிந்த பிள்ளையைத் தேடாமல் மற்றவர்கள் வேறு ஆட்டத்துக்குப் போய்விடுவது நடக்கும். கூச்சப் பிள்ளைகளுக்குத்தான் அது அதிகமாக நடக்கும். அதை மட்டும் ஆசிரியர் கண்காணிக்க வேண்டும்.

அடுத்து, ஒப்புக்குச் சப்பாணி. பெயர் இன்றைய காதுக்கு உறுத்துகிறது, நான் வகுப்பில் "ஒப்புக்கு ஆள்" என்றே சொல்கிறேன். ஆனால் ஏற்பாடு அபாரம். அண்ணன் அக்காக்களின் ஆட்டத்தில் ஒரு குட்டி, பிடிபட்டாலும் அவுட் இல்லை, எந்த அணிக்கும் கணக்கு இல்லை, ஆனால் கூடவே ஓடலாம். ஆட்டத்தின் உள்ளே நின்றுகொண்டே ஆட்டத்தைக் கற்கும் வழி இது. புதிதாகச் சேர்ந்த பிள்ளை, மொழி தெரியாத பிள்ளை, கால் ஊனமுள்ள பிள்ளை யாராக இருந்தாலும் முதல் சில நாள் ஒப்புக்கு ஆளாகச் சேர்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். "சேர்த்துக்கொள்ள மாட்டோம்" என்பவர்கள்கூட இதற்கு மறுப்புச் சொல்வதில்லை, அவர்களுக்கு நட்டம் ஒன்றும் இல்லையே. அதற்குக் கெடுவும் வையுங்கள். ஒரு வாரம் கழித்து "இனி இவன் கணக்கில் உண்டு" என்று கூட்டத்தின் முன் அறிவிக்க வேண்டும். அந்த அறிவிப்பை மறந்துவிட்டால் ஒப்புக்கு ஆள் ஒப்புக்கு ஆளாகவே தங்கிவிடுவான்.

தோற்பதை வீட்டில்தான் பழக்க வேண்டும். தாத்தா எப்போதும் வேண்டுமென்றே தோற்றுக்கொடுத்தால், பள்ளியில் முதல் தோல்விக்கு அந்தப் பிள்ளை பலகையைக் கவிழ்க்கும். மூன்று ஆட்டத்தில் ஒன்று நீங்கள் ஜெயியுங்கள். தோற்கும்போது "அடடா, போச்சே! இன்னொரு ஆட்டம் போடலாமா?" என்று உரக்கச் சொல்லுங்கள். அதே வார்த்தையைப் பிள்ளை பள்ளியில் சொல்வதைக் கேட்பீர்கள்.

படி 7: காய், பழம், கோள்

காய் விடுவதும் அரை மணியில் பழம் விடுவதும் இந்த வயதின் இயல்பு. பெற்றோர் இடையில் புகுந்து அந்த வீட்டோடு பேச்சை நிறுத்திவிடுகிறார்கள். பிள்ளைகள் மறுநாள் ஒரே மிட்டாயைக் கடித்துப் பங்கு போட்டுக்கொண்டிருப்பார்கள், பெரியவர்கள் மட்டும் இரண்டு வருடம் முறைத்துக்கொண்டிருப்பார்கள். ஒரு வாரத்துக்கு மேல் ஒரே பிள்ளையை எல்லாரும் சேர்ந்து காய் விட்டிருந்தால் அது வேறு. அப்போது ஆசிரியர் தலையிட வேண்டும்.

அடிதடி ஆனால் முதலில் கையைப் பிடித்து நிறுத்துங்கள், பேச்சு பிறகு. மூச்சு அடங்கட்டும். ஒருவர் சொல்வதை மற்றவர் திருப்பிச் சொல்ல வேண்டும்: "என் பென்சிலை எடுத்தான் என்று அவள் சொல்கிறாள்." பிறகு இருவரிடமும் "இப்போது என்ன செய்யலாம்?" உடனே மன்னிப்புக் கேட்க வைப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. வாய் மன்னிப்புக் கேட்கும், கண் முறைத்துக்கொண்டே இருக்கும். கிழித்த தாளை ஒட்டிக் கொடுப்பது, கீழே விழுந்தவனுக்குத் தள்ளியவனே தண்ணீர் கொண்டுவந்து கொடுப்பது போன்ற ஒரு காரியம் மேல். பென்சில் எடுத்ததைத் திருட்டு என்று பெயரிடாதீர்கள். கட்டைவிரல் நீளம் தேய்ந்த பென்சில் துண்டுக்காகக் "திருடி" என்று பட்டம் வாங்கிய பிள்ளை நான்காம் வகுப்பு வரை அதைச் சுமந்ததைப் பார்த்திருக்கிறேன்.

நிமிடத்துக்கு ஒரு கோள் வரும். "டீச்சர், இவன் நாக்கைக் காட்டுகிறான்." அத்தனையையும் தள்ளிவிட்டால் ஒரு நாள் உண்மையான ஆபத்தையும் சொல்லாமல் விட்டுவிடுவார்கள். நான் ஒரே கேள்வி கேட்பேன்: "யாருக்காவது வலிக்கிறதா, பயமாக இருக்கிறதா?" ஆம் என்றால் உடனே எழுவேன். இல்லை என்றால் "நீயே அவனிடம் சொல்லிப் பார், கேட்காவிட்டால் வா" என்பேன். யாராவது உடம்பைத் தொட்டது பிடிக்கவில்லை என்று சொல்ல வந்தால் அது கோள் கணக்கில் வராது என்பதை ஆண்டின் தொடக்கத்திலேயே சொல்லி வையுங்கள்.

படி 8: பல் கறைக் கேலி

இது நம் இரண்டு மாவட்டத்துக்கும் உரிய சங்கடம். சிரிக்கும்போது வாயைக் கையால் மூடிக்கொள்ளும் பிள்ளைகள் எல்லா வகுப்பிலும் இருக்கிறார்கள். "பல் துலக்காதவன்" என்ற கேலிதான் காரணம். அந்தப் பழுப்புக் கறை அழுக்கு இல்லை, தண்ணீரில் உள்ள புளோரைடு. நிலைப்பற்கள் ஈறுக்குள் உருவாகும் காலத்தில், அதாவது பிறந்ததிலிருந்து ஏறக்குறைய எட்டு வயதுக்குள், புளோரைடு மிகுந்த ஆழ்துளைக் கிணற்று நீரைக் குடித்தால் பல் கறையோடே முளைக்கும். எவ்வளவு தேய்த்தாலும் போகாது. லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, 1.5ஐத் தாண்டக் கூடாது. கொதிக்க வைத்தால் புளோரைடு போகாது, நீர் சுண்டினால் இன்னும் அடர்த்தியாகும். இதற்காகவே வந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் தொடங்கிவைக்கப்பட்டது. குடிக்கவும் சமைக்கவும் அந்தக் குழாய் நீரையே பிடித்து வையுங்கள், ஆழ்துளை நீர் குளிக்கவும் துவைக்கவும் இருக்கட்டும்.

இந்தக் காரணத்தை வகுப்பில் எல்லாருக்கும் சொல்லுங்கள், யாரையும் சுட்டாமல். கேலி செய்தவனைத் திட்டினால் கேலி மைதானத்துக்குப் போய்விடும். "அது நம் ஊர்த் தண்ணீர் செய்தது" என்று தெரிந்துவிட்டால் பெரும்பாலும் நின்றுவிடும், ஏனென்றால் அந்தத் தண்ணீரை எல்லாருமே குடித்திருக்கிறார்கள்.

படி 9: மாலையும் தூக்கமும்

நாள் முழுக்க அடங்கி இருந்த பிள்ளை வீட்டு வாசலைத் தொட்டதும் சின்னக் காரணத்துக்கு அழுது புரளும். நல்லவனாக இருந்து இருந்து களைத்திருக்கிறான். கேள்வி கேட்பதற்கு முன் தண்ணீர், தின்ன ஏதாவது, அரை மணி தெருவில் ஓட்டம். அதன் பிறகும் "என்ன படித்தாய்?" என்று கேட்டால் "ஒன்றுமில்லை" என்றுதான் பதில் வரும். "இன்று யார் பக்கத்தில் சாப்பிட்டாய்? யார் அழுதார்கள்?" என்று கேளுங்கள், கதை கொட்டும்.

ஒன்று, இரண்டாம் வகுப்புக்கு வீட்டுப்பாடம் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2018இலேயே சொல்லிவிட்டது. அந்த நேரம் வீட்டு வேலைக்குப் போகட்டும். வெங்காயம் உரிப்பது, கோழிக்குத் தீனி போடுவது என எது ஆனாலும் தினமும் அவனுக்கென்று ஒன்று.

ஆறு வயதுக்கு மேல் ஒன்பது முதல் பன்னிரண்டு மணி நேரத் தூக்கம் வேண்டும், அதற்குக் கீழ் இன்னும் கொஞ்சம் கூடுதலாக. காலை ஆறரைக்கு எழ வேண்டுமானால் ஒன்பதுக்குள் தூங்கியிருக்க வேண்டும். ஒரே அறை வீட்டில் தொலைக்காட்சித் தொடர் பத்து மணி வரை ஓடினால் இது நடக்காது. தொடரை நிறுத்தச் சொன்னால் ஆயா என்னை மன்னிக்க மாட்டார் என்று தெரியும். சத்தத்தைக் குறைத்து, பிள்ளையின் முகத்தை வேறு பக்கம் திருப்பிப் படுக்க வையுங்கள். கைபேசி மட்டும் பாயில் வேண்டாம்.

படி 10: எப்போது கவலைப்பட வேண்டும்

ஒன்றரை மாதம் கழிந்தும் தினமும் அழுகை. வீட்டில் சரளமாகப் பேசும் பிள்ளை, மொழியும் தெரிந்தும், முதல் மாதத்துக்குப் பிறகும் பள்ளியில் யாரிடமும் ஒரு சொல்கூடப் பேசாதது. பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்பாதது. தெரிந்திருந்த பேச்சோ பழக்கமோ மறைந்துபோவது. நின்றுபோன படுக்கை நனைத்தல் மீண்டும் வருவது. இவற்றில் எதுவானாலும் "பெரியவனானால் சரியாகிவிடும்" என்று காத்திருக்காதீர்கள். முதலில் காதையும் கண்ணையும் சோதியுங்கள், "கவனிப்பதில்லை" என்று என்னிடம் வந்த பிள்ளைகளில் சிலருக்குக் காதில் சீழ் இருந்தது. வட்டார வள மையத்தில் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கென்றே சிறப்பாசிரியர்கள் இருக்கிறார்கள், தலைமை ஆசிரியர் மூலம் அணுகலாம். மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவுக்கும் போகலாம். அடி, துன்புறுத்தல் பற்றிச் சந்தேகம் இருந்தால் 1098, கல்வி தொடர்பான உதவிக்கு 14417.

படி 11: பொங்கலுக்குப் பிறகு

யாரும் சொல்லித் தராத படி இது. பொங்கலுக்கும் மாரியம்மன் பண்டிகைக்கும் பெங்களூரிலிருந்து அப்பாவும் அம்மாவும் வருவார்கள். புதுச் சட்டை, எருது விடும் விழா, நாலு நாள் மடியில் தூக்கம். பிறகு இரவோடு இரவாகப் பஸ் ஏறிவிடுவார்கள். ஜனவரியின் அந்தத் திங்கட்கிழமை எல்லாம் ஜூன் மாதத்துக்குத் திரும்பிவிடும்: அழுகை, நனைந்த டவுசர், தொடாத தட்டு. கற்றதெல்லாம் போயிற்று என்று பயப்பட வேண்டாம். படி 2இலிருந்து மறுபடி தொடங்குங்கள். ஜூனில் மூன்று வாரம் எடுத்தது இப்போது மூன்று நாளில் முடியும். ஊருக்குப் போகும் பெற்றோர், பிள்ளை விழித்திருக்கும்போது சொல்லிவிட்டுப் போனால் இன்னும் சீக்கிரம் முடியும்.

பம்பரம் பார்த்த அந்தப் பையனுக்கும் அப்படித்தான் ஆனது. பொங்கல் கழிந்து வந்தவன் மூலையில் சுருண்டு உட்கார்ந்தான். நான் சாக்பீஸை எடுத்து மறுபடியும் தட்டு வரையத் தொடங்கினேன். புத்தகம், பந்து வரை வந்திருப்பேன். அந்த மூன்றாம் வகுப்புப் பையன் எழுந்து வந்து சாக்பீஸைக் கேட்டு வாங்கி, பந்துக்குப் பக்கத்தில் ஒரு பம்பரம் வரைந்துவிட்டுத் தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்துகொண்டான்.